மலையகத் தமிழரின் அருங்காட்சியகம்: பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் மலைநாட்டில், கம்பளைக்கு அருகே பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான ஒரு பழைய லயத்துக்குள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கிய சிறிய இடம் அது. தோட்டத்துப் பிள்ளைகள், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், வெளிநாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் என்று பலரும் அங்கே போவதற்கு முன்னும் போய் வந்த பின்னும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நிறுவகத்தின் சார்பில் எழுதியது அல்ல. மலையக மக்களின் வரலாறு பத்திரமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஒருவர் எழுதியது.

யாருடைய வரலாறு இது?

பிரித்தானியர் காலத்தில் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலை, இறப்பர் தோட்டங்களுக்கும் வந்த தமிழர்களின் வரலாறு. அரசின் கணக்கில் இவர்கள் ‘இந்தியத் தமிழர்’. தங்களை மலையகத் தமிழர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இவர்களின் தொகை சுமார் 8,39,000. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நூற்றாண்டுகளாக வாழும் தமிழர்களின் வரலாறு வேறு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

கண்டியில்தான் ஏற்கெனவே ஒரு தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறதே?

ஆமாம், ஹந்தானையில் இருக்கிறது. 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையைப் புதுப்பித்து 2001இல் திறந்தார்கள். கொழுந்தை அரைத்த உருளைகள், உலர்த்திகள், சலிக்கும் யந்திரங்கள் எல்லாம் அங்கே அழகாக வைக்கப்பட்டிருக்கின்றன. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லருக்கும் அங்கே இடம் உண்டு. நேரம் இருந்தால் கட்டாயம் பாருங்கள். தேயிலை எப்படித் தூளாகிறது என்பது அங்கே நன்றாக விளங்கும். அந்த 19 ஏக்கரைத் துப்புரவாக்கியவர்கள் எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், யாருக்குக் கடன்பட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கம்பளைக்கு வர வேண்டும். முதலில் ஹந்தானை, அடுத்து கம்பளை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நன்றாக மனதில் பதியும்.

ஏன் லயத்துக்குள்ளேயே அருங்காட்சியகம்? நல்ல கட்டடம் ஒன்று கட்டியிருக்கலாமே?

அந்த லயம்தான் அங்குள்ள மிகப் பெரிய காட்சிப்பொருள். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்க அவசரப்படாதீர்கள். முதலில் காம்பராவுக்குள், அதாவது லயத்தின் அறைக்குள், போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த அறைகள். ஒரு காம்பராவின் அளவு பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. ஆரம்ப காலத்தில் புல் வேய்ந்த கூரை, பிறகு தகரம். சில லயங்களில் இரண்டு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். அந்த அறைகளுக்கு வாசல் ஒரு பக்கம் மட்டுந்தான், பின்பக்கம் காற்று வராது. அடுப்பு பெரும்பாலும் இஸ்தோப்பின் மூலையிலோ அறைக்குள்ளேயோதான். மழைக்காலத்தில் ஈர விறகின் புகை அறையை விட்டுப் போகாது.

இந்த ஒற்றை அறையில் கணவன் மனைவி, பிள்ளைகள், தாய் தகப்பன், சில சமயம் திருமணமான மகனும் மருமகளும் வாழ்ந்தார்கள். பிள்ளைப்பேறும் சாவீடும் சடங்கும் படிப்பும் இங்கேதான். ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். சண்டையும் ஒளிவில்லை, துக்கமும் ஒளிவில்லை. அதனால்தானோ என்னவோ, லயத்து மக்களிடம் ஒருவர் வீட்டுக் காரியத்துக்கு எல்லோரும் கூடும் வழக்கம் இவ்வளவு வலுவாக நிலைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு அம்மியையும் குத்துவிளக்கையும் பார்த்தால், அந்த வீட்டில் அவர்கள் தமக்கென்று சேர்த்துவைத்த பொருள் எவ்வளவு கொஞ்சம் என்பது புரியும்.

எப்போது வந்தார்கள்? எப்படி வந்தார்கள்?

1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைப் பக்கத்திலேயே, சின்னப்பிட்டியவில், கோப்பி பயிரிட்டார். பெருந்தோட்டத் தொழில் வேரூன்றியது அப்போதுதான். 1823ஐத் தொடக்கமாக வைத்துத்தான் 2023இல் மலையக மக்கள் தங்கள் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அன்று முன்னோர் நடந்த பாதையிலேயே ஒரு நடைபயணமும் நடந்தது.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து கால்நடையாகக் கரைக்கு வந்து, பாய்மரத் தோணியில் மன்னார் பக்கம் இறங்கி, மறுபடியும் காடு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மட்டும் சுமார் 150 மைல். வன்னிக் காட்டின் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். காட்டைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு மாத்தளைதான் மலையின் வாசல்.

கோப்பிக் காலத்தில் பலர் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் வந்து ஊர் திரும்பினார்கள். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக வந்து நிலைத்தார்கள். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு நடைப்பயணம் முடிந்தது. மண்டபம் முகாமில் தங்கவைத்து, சோதித்து, கணக்கெடுத்து அனுப்பினார்கள்.

கங்காணி நல்லவரா, கெட்டவரா?

பிள்ளைகள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். படத்தில் கோட்டும் தலைப்பாகையுமாகத் தடியை ஊன்றி நிற்பவரைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றும்.

அவர் செய்த வேலையைப் பார்ப்போம். தோட்டத்துத் துரை, அதாவது தோட்ட நிர்வாகி, முன்பணம் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தன் சொந்த ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் போய், பஞ்சத்திலும் கடனிலும் கிடக்கும் குடும்பங்களுக்குக் கொடுத்து ஆள் சேர்ப்பார். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் அவர்கள் பேரில் கடனாக எழுதப்படும். தோட்டத்துக்கு வந்த பிறகு அவரே மேற்பார்வையாளர், அவரே வட்டிக்குக் கொடுப்பவர், பல இடங்களில் கடைக்காரரும் அவரே. சம்பளம் அவர் கை வழியாகத்தான் வரும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தனியாகக் காசு உண்டு. ஆள் நோயில் படுத்தால் அவருக்கு நட்டம் என்பதால், படுக்க விடமாட்டார்.

அதே ஆள்தான் சனத்தின் சார்பில் துரையிடம் பேசுவார், கோயில் திருவிழாவை எடுத்து நடத்துவார், கல்யாணத்துக்கு முன்னால் நிற்பார். பலருக்கு அவர் சொந்தக்காரரும்கூட. இத்தனை நெருக்கமான ஒருவர் மூலமாகக் கடன் வந்ததால்தான் அதிலிருந்து விலகுவது அவ்வளவு கடினமாக இருந்தது. தனி மனிதராக எப்படி இருந்தாலும் சரி, அந்த முறை மனிதரைக் கட்டிப்போட்ட முறை. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

துண்டு, தகரத் துண்டு என்கிறார்களே, அவை என்ன?

துண்டு என்பது ஒரு சிறு காகிதம். இத்தனை ஆட்களின் கடன் இவ்வளவு ரூபாய், அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. கங்காணி அதைக் கொண்டுபோய் வேறொரு தோட்டத்தில் காட்டுவார். அந்தத் துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் பழைய கடனைவிடக் கூடுதலான தொகையைக் கங்காணி கேட்டு வாங்குவார். அந்தக் கூடுதலும் தொழிலாளியின் தலையில்தான் ஏறும். வேலையை மாற்றினால் கடன் குறையாது, வளரும். 1921இல் கொண்டுவந்த சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது.

தகரத் துண்டு வேறு. 1900களின் தொடக்கத்தில் வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகரத் தகடு. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும்போதே தொழிலாளியிடம் கொடுத்துவிடுவார்கள். அதைக் காட்டினால் வழியெல்லாம் பயணமும் சாப்பாடும் கிடைக்கும். செலவுக் கணக்கு அந்தத் தோட்டத்துக்குப் போகும். அனுப்பும் சரக்குக்கு விலாசம் ஒட்டுவது மாதிரி மனிதருக்கு ஒட்டிய விலாசம் அது.

தோட்டத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவைதான்: துண்டு, தகடு, செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு, பற்றுக் கணக்கு. எண்ணியவர்கள் எழுதிய எழுத்து. எண்ணப்பட்டவர்களின் பேச்சு அதில் கிடையாது. அது பாட்டிலும் கூத்திலும் கிழவிகளின் வாயிலும் வீட்டுப் பெட்டிகளிலும்தான் இருக்கிறது. இந்த அருங்காட்சியகம் ஏன் முக்கியம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பிரட்டு, அரைப்பேர் என்பவை?

விடியுமுன் தப்பு என்ற பறையை அடித்து எழுப்புவார்கள். எல்லோரும் பிரட்டுக் களத்தில் கூட வேண்டும். எந்த மலையில் கொழுந்து, எங்கே முள்ளுக்குத்து (முள்ளால் மண்ணைக் கிளறுவது), யார் கான் (வடிகால்) வெட்டுவது என்று கணக்கப்பிள்ளை பிரித்துவிடுவார். அன்றைய அளவு கொழுந்தை எடுத்தால் செக்ரோலில் முழுப்பேர் விழும். குறைந்தால், அல்லது மழையில் வேலை நின்றால், அரைப்பேர். அதாவது அரை நாள் சம்பளம்.

கருவிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

கூடையை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதன் கயிற்றைப் பாருங்கள். கூடையின் பாரம் முழுவதும் உச்சந்தலையில் அந்தக் கயிற்றில்தான் நிற்கும். வயதான கொழுந்துக்காரிகள் பலருக்குக் கழுத்துவலி தீராமல் இருப்பது அதனால்தான். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு, செடியின் குச்சி கிழிக்காமல் இருக்க. கறுப்புக் கம்பளி மழைக்கு. மட்டக்கம்பு, செடியின் மேல் படுக்கவைத்து ஒரே மட்டத்தில் கொழுந்து எடுக்க. கவ்வாத்துக் கத்தி ஆண்களின் கை ஆயுதம். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை செடியை வெட்டித் தாழ்த்துவதுதான் கவ்வாத்து. கத்தியைச் சாய்த்து ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். கிளை பிளந்தால் செடி அழுகும்.

கவ்வாத்து தொடங்கும் நாளில் மலையில் கல் வைத்துக் கும்பிடுவார்கள், அது கவ்வாத்துச் சாமி. தொழிற்சாலையில் சுழலும் சக்கரத்தைக் காக்க ரோதைமுனி. ஊரிலிருந்து மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் கொண்டுவந்தவர்கள், இங்கே வந்த பிறகு இந்த வேலைக்கென்று புதிய தெய்வங்களையும் உண்டாக்கிக்கொண்டார்கள். ஆபத்தான யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு ஒரு துணை தேவைப்பட்டிருக்கிறது.

பெண்களைப் பற்றி என்ன இருக்கிறது?

தேயிலை என்றாலே கூடை சுமந்த பெண்ணின் படந்தான் வருகிறது. ஆனால் மேற்பார்வையாளர், கணக்கப்பிள்ளை, துரை, தொழிற்சங்கத் தலைவர் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதன்படி முதலில் நிர்ணயித்த விகிதத்தில் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஏற்றுமதிக்குப் போன ஒவ்வொரு பெட்டித் தேயிலையின் முதல் கொழுந்தையும் கிள்ளிய கைக்கு 43 சதம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது 1984இல்தான்.

விடியலுக்கு முன் எழுந்து ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டு, மலையேறி, மூன்று தடவை கொழுந்தை எடைபோட்டு, மாலையில் விறகோடு இறங்கி, மறுபடி அடுப்படி. இந்த ஒழுங்கில் இன்றும் பெரிய மாற்றம் இல்லை. பெண்கள் தங்கள் துயரைத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்தெடுக்கும்போது பாடும் பாட்டிலும் சொல்லிவைத்தார்கள். கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகப் போய் அவற்றில் பலவற்றைச் சேகரித்தார். அந்த உழைப்பு இல்லையென்றால் பாதிப் பாட்டுகள் நமக்குக் கிடைத்திருக்காது.

தப்பு ஏன் இவ்வளவு முக்கிய இடத்தில் இருக்கிறது?

காலையில் பிரட்டுக்கு அழைத்ததும் தப்புதான், சாவு செய்தி சொன்னதும் தப்புதான், காமன் கூத்துக்கு அடித்ததும் தப்புதான். மாசி அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பிறகு பௌர்ணமி வரை இரவிரவாக ரதியும் மதனும் லயம் லயமாக ஆடிவருவார்கள். கடைசியில் சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவான், ரதி புலம்புவாள். அந்தப் புலம்பலைக் கேட்டுத் தங்கள் வீட்டுச் சாவை நினைத்து அழும் பெண்களை எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றும் மலையகத்தின் பெரிய கூத்துகள். வாத்தியார் சொல்லிக்கொடுக்க, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பையன்கள் ஆடி வளர்த்தவை. இன்று தமிழ்நாட்டில் காமன் கூத்து பல ஊர்களில் நின்றுவிட்டது. மலையகத்தில் அது இன்னும் உயிரோடு இருப்பதில் எனக்குப் பெரிய பெருமை.

சாதி பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். வந்தவர்களில் பெரும்பான்மையினர் பள்ளர், பறையர், சக்கிலியர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பெரிய கங்காணிகளில் பலர் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பல தோட்டங்களில் சாதி பார்த்தே லயம் ஒதுக்கினார்கள். தப்படிக்கும் வேலை யார் மேல் விழுந்தது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். மலையில் எந்தச் சாதிக்கும் ஒரே கூடை, ஒரே சம்பளம் என்பதால் ஊரில் இருந்த கெடுபிடி தளர்ந்தது உண்மை. மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தப்பைக் கலையாக மட்டும் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது அரைகுறை வரலாறு.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி?

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1907இலும் 1920இலும் சட்டங்கள் வந்தன. நடைமுறையில் பெரும்பாலான தோட்டங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், சில வகுப்பு. தோட்டப் பள்ளிகளை அரசு முழுமையாக ஏற்கத் தொடங்கியது 1970களில். இன்று மலையகத்திலிருந்து வரும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் எழுத்தாளர்களும் அந்த ஒற்றை அறைகளில் தொடங்கிய குடும்பங்களின் பிள்ளைகள். மருத்துவத்துக்கு 1872இலேயே சட்டம் வந்தது. மருந்துச்சாலையும் மருந்துக்காரரும் வந்தார்கள், டாக்டர் பெரும்பாலும் வரவில்லை.

தொழிற்சங்கங்கள் எப்படி வந்தன? தோட்டத்துக்குள் வெளியாரை விடவே மாட்டார்களாமே?

விடமாட்டார்கள். தோட்டம் தனியார் சொத்து, அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார் என்று மலையகத்தில் எல்லோரும் சொல்வார்கள். பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரம் எழுதினார், சட்டநிருபண சபைக்குள் போய்ப் பேசினார். 1931இல் அவர் தொடங்கிய சம்மேளனந்தான் தோட்டத் தொழிலாளருக்கென்று உருவான முதல் பெரிய தொழிற்சங்கம். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்ட மேடைகளில் பாடுவார். படிக்கத் தெரியாத சனத்துக்கு அரசியல் அந்தப் பாட்டு வழியாகப் போய்ச் சேர்ந்தது. மீனாட்சி அம்மாளின் பெயரை நடேசய்யர் பெயருக்குப் பின்னால் ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கூட்டத்தைக் கூட்டியதில் பாதி அவர் பங்கு.

1939 ஜூலையில் நேரு வந்த நேரத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அதன் தொழிற்சங்கமே பிறகு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் பலி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். சந்தா அட்டை, சங்கக் கொடி, பழைய கூட்டப் படம் எதையாவது பார்த்தால் இதை நினைவில் வையுங்கள். அந்த அட்டையை வைத்திருந்ததற்காகப் பற்றுச்சீட்டு, அதாவது வேலைநீக்கச் சீட்டு, கொடுத்து வெளியே அனுப்பப்பட்ட குடும்பங்கள் இருந்தன.

குடியுரிமைப் பத்திரங்களை ஏன் இவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள்?

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே, 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. தகப்பன், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்ததைப் பத்திரத்தால் நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருந்தது? 1949இல் வாக்குரிமையும் போனது.

அதே ஆண்டு வேறொரு சட்டம் வந்தது: திருமணமானவர் 7 ஆண்டு, தனியாள் 10 ஆண்டு, 1946க்கு முன் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததைக் காட்டினால் விண்ணப்பிக்கலாம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. இடையில் சாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊர் போய் நீண்ட நாள் தங்கியிருந்தால்கூடத் தள்ளிவிட்டார்கள்.

பிறகு 1964 அக்டோபர், இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு அரசுகளும் பங்கு போட்டன. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் உடைந்தன. தலைமன்னாருக்குப் போன ரயிலை ‘அழுகைக் கோச்சி’ என்றே மலையகத்தில் சொன்னார்கள். இங்கே தங்கியவர்களின் நாடற்ற நிலையை 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள்தான் தீர்த்தன. ஐம்பத்தைந்து ஆண்டு ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தவர்கள் அதைப் பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

தமிழ்நாட்டில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன தொடர்பு?

நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்க் கேளுங்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலை நடத் தொடங்கியது. இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதிலிருந்து வந்தது. இன்னும் பலர் நூற்பாலைகளிலும் கொடைக்கானல் மலையிலும் திருச்சி, மதுரை ஓரங்களிலும் குடியேறினார்கள். இலங்கையில் ‘இந்தியாக்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்குப் போய் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி கோச்சி, காம்பரா, இஸ்தோப்பு என்று பேசினால் அவர் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள்.

எங்கள் வீட்டில் பழைய பத்திரமும் சாமானும் இருக்கின்றன. என்ன செய்வது?

முதலில் எதையும் எறியாதீர்கள். பத்திரங்களை லாமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் காலப்போக்கில் காகிதத்தைக் கெடுக்கும். மடிப்பை மெதுவாக விரித்து, சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மலைநாட்டு ஈரத்துக்குத் தகரப் பெட்டி நல்லது, ஆனால் இடைக்கிடை திறந்து பார்க்க வேண்டும். இருபுறமும் கைபேசியில் படம் எடுத்து ஒரு பிரதியை உறவினருக்கு அனுப்பிவிடுங்கள். பித்தளைச் சாமானைப் புளி போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம், அதில் வெட்டிய பெயரும் எழுத்தும் தேய்ந்துபோகும்.

இதைவிட அவசரமான வேலை, அந்தப் பொருளின் கதையை எழுதிவைப்பது. யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த ஆண்டு, யார் கொடுத்தது. பெயர் தெரியாத கம்பளி வெறும் கம்பளி. ஆத்தாவோ தாத்தாவோ உயிரோடு இருந்தால் அவர்கள் பேச்சை அப்படியே பதிவு செய்யுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். பத்திரத்தைக் கொடுத்துவிட மனமில்லையென்றால் பிரதி மட்டும் கொடுக்கலாம். இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்க்கும் நூலகம் நிறுவனமும் மின்வடிவில் பாதுகாக்கும்.

லயம் எல்லாம் இப்போது இல்லைதானே?

இருக்கிறது. இன்றும் ஏராளமான குடும்பங்கள் லயத்தில்தான் வாழ்கின்றன. ஏழு பேர்ச் (இலங்கை நில அளவு) காணியில் தனி வீடு என்ற திட்டத்தில் கொஞ்சம் வீடுகள் எழுந்திருக்கின்றன. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல், அதுவும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. ஆகவே இதைப் ‘பழைய காலம்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தோட்டத்துக்குள் இருக்கும் இடம், டிக்கெட் கொடுத்து வரிசையில் விடும் இடம் அல்ல. கண்டியில் உள்ள நிறுவகத்தோடு முன்கூட்டியே பேசி நாளும் நேரமும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கண்டியிலிருந்து கம்பளைக்கு பஸ்ஸும் ரயிலும் உண்டு, அதற்கு மேல் தோட்டத்துக்கு ஆட்டோ எடுப்பது சுலபம். பிற்பகலில் மழை இறங்கும், காலையிலேயே போங்கள். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். சுற்றிலும் சனம் குடியிருக்கும் வீடுகள் இருக்கும், வாசலிலும் கொழுந்து மலையிலும் கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் வயதான தொழிலாளி ஒருவரையும் உடன் வரச் சொல்லுங்கள். அன்றைய அவர் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள்.